சின்னம்மா அலையில் ஏறிய மார்கழி

நான் இப்போது இருக்கும் குளிர்நாட்டில் தெருவுக்குத் தெரு நாலு சக்கரச் சில்லும் இழுக்கும் பெரிய வாகனங்கள் நிற்கின்றன. வழுவழுப்பான வீதியால் கடைக்குப் போய், மரக்கறிப் பைகளோடு அதே வீதியால் திரும்பி வருகின்றன. அவற்றின் ரயரில் ஒரு பிடி மணல் ஒட்டியிருந்து நான் கண்டதில்லை. உங்களில் என் வயதுக்காரர் எவராவது பருத்தித்துறைக்குக் கிழக்கே, தார் முடிந்த பிறகும் கார் ஓட்டிப் போனவராக இருந்தால் நான் சொல்லப் போவதை நம்புவீர்கள். மற்றவர்கள் நம்பாவிட்டால் குறையில்லை. எனக்கே அது இன்னும் முழுதாகச் செரிக்கவில்லை. எங்கள் காரைப் பற்றிப் பேசத் தொடங்கினால் அது சின்னம்மாவில் போய்த்தான் நிற்கும். ஆகவே காரிலிருந்தே தொடங்குகிறேன்.

எங்கள் வீடு நீர்வேலியில், வாழைத்தோட்டங்களுக்கு நடுவில் இருந்தது. அப்பா அரசாங்கத் தெருப்பகுதியில் ஓவசியர், தெருவேலைகளை மேற்பார்ப்பவர். தெரு என்றால் அவருக்கு உயிர். மதகு இல்லாத தெருவைத் தெரு என்று சொல்லக்கூடாது என்பார். ஓய்வுபெற்ற ஒரு பிறக்கிராசி வக்கீலிடமிருந்து அவர் வாங்கிய சாம்பல்நிற ஒஸ்ரின் கார் எங்களிடம் இருந்தது. அதன் ஆசனங்களில் வெயில் பட்டால் பழைய தோலும் பெற்றோலும் கலந்த ஒரு மணம் எழும்பும். பின்கதவு ஒன்றைக் கயிற்றால் கட்டித்தான் மூடுவோம். சாமான் தட்டுப்பாட்டுக் காலம் அது. பாண் ரொட்டிக்கும் சீத்தைத் துணிக்கும் வரிசையில் நிற்க வேண்டும். ரயர் என்பது வரிசையில் நின்றாலும் கிடைக்காத பொருள். அதனால் அப்பா காரை, காய்ச்சல்காரப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவதுபோல் ஓட்டுவார். குழியைக் கண்டால் நிறுத்தி, இறங்கிப் பார்த்து, பிறகுதான் போவார்.

சின்னம்மா, அம்மாவின் கடைசித் தங்கை. மலைநாட்டில் படிப்பித்துக்கொண்டிருந்தவர், இடமாற்றம் கிடைத்து அந்த வருடம் எங்களோடு வந்து தங்கினார். அங்கே உடன் படிப்பித்த ஒரு ரீச்சரின் மொறிஸ் மைனரில், தேயிலைத் தோட்டத்துச் சரிவுகளில் கார் ஓட்டப் பழகியிருந்தார். கீரிமலையில் பெண்கள் குளிக்கும் கேணியில் சிறுவயதிலேயே நீந்தப் பழகியவர். உயரமானவர். சிரித்தால் முன்பல் ஒன்று மற்றதன்மேல் ஏறியிருப்பது தெரியும்.

அவருக்கு லண்டனில் இருந்த ஓர் எஞ்சினியரைப் பேசி, சாதகமும் பொருந்தியிருந்தது. ஐப்பசி மாதத்தில் ஒரு நாள் மாப்பிள்ளையின் பெரியப்பா வந்து, தேத்தண்ணி குடித்து, மழையைப் பற்றிக் கதைத்து, எழும்பும்போது பெடியன் வேறிடம் பார்த்துவிட்டான் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து வீட்டில் ஒரு நோயாளி இருப்பதுபோல் எல்லாரும் மெதுவாகக் கதைத்தார்கள். றேடியோவில் லண்டன் என்ற சொல் வந்தால் அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்து அதை நிறுத்துவார். சின்னம்மா நிமிர்ந்து பார்த்து, ஏனக்கா நிப்பாட்டினாய், செய்தி கேக்கிறன் என்பார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விடுவார்.

மார்கழி விடுமுறை தொடங்கியதும் அப்பாதான் யோசனை சொன்னார். பிள்ளையை எங்கேயாவது வெளியே கூட்டிக்கொண்டு போனால் மனம் மாறும், அவள் விரும்பினால் காரையும் ஓட்டட்டும் என்றார். அப்பா தன் காரை இன்னொருவர் கையில் கொடுக்கச் சம்மதித்தது, அவர் எவ்வளவு கவலைப்பட்டார் என்பதற்கு அடையாளம். எங்கே போக விருப்பம் என்று கேட்டார்கள். அலை அடிக்கிற கடலுக்கு என்றார் சின்னம்மா. எங்கள் பக்கத்துக் கடல் குளம்போலக் கிடப்பது. அலை வேண்டுமென்றால் வடமராட்சியின் கிழக்குக் கரைக்குத்தான் போக வேண்டும். அதுவும் வாடைக்காற்று வீசும் மார்கழியில்.

முதல் நாள் போனதை நினைத்தால் அப்பாவின் முகம்தான் முன்னே வருகிறது. பருத்தித்துறைவரை அவரே ஓட்டினார். வல்லிபுரக் கோயிலையும் குடத்தனையையும் தாண்டிக் கிறவல் றோட்டும் முடிந்து, வெறும் வெள்ளை மணலில் இரண்டு சில்லுத்தடங்கள் மட்டும் தெரிந்த இடத்தில் நிறுத்தினார். அரசாங்க ஜீப்புகள் போன தடம் அது. இதோடு சரி, இனி நடப்பம் என்றார். சின்னம்மா இறங்கி, ஒரு ஆணியை எடுத்து, பின் ரயரின் காற்றைத் திறந்துவிட்டார். காற்று சீறிக்கொண்டு போனது. அப்பா அலறிக்கொண்டு வந்தார். நாடு முழுக்கத் தேடினாலும் கிடைக்காத ரயர். சின்னம்மா அவரை ஒரு கையால் மறித்துக்கொண்டு, காத்துக் குறைஞ்ச ரயர்தான் மணலிலை தாழாது அத்தான் என்றபடி, ரயர் வயிறு தள்ளும்வரை காற்றை விட்டுவிட்டு மற்றதற்குப் போனார். அப்பா தலையில் கைவைத்தபடி மணலில் குந்திவிட்டார்.

பிறகு சின்னம்மா ஓட்டினார். இரண்டாம் கியரில், பிறேக்கைத் தொடாமல், நிற்காமல். ஸ்ரியறிங் அவருடைய கைகளுக்குள் மீன்போலத் துள்ளியது. கார் ஓடியது என்று சொல்ல முடியாது, நீந்தியது. இரு பக்கமும் வடலிகள், தாழம் பற்றைகள், மணல்மேடுகளில் இராவணன் மீசைப் புல். அம்மா முருகா முருகா என்று சொல்லிக்கொண்டிருந்தார். தம்பியும் நானும் பின் ஆசனத்தில் மேலே எழும்பிக் கூரையில் தலை முட்டி விழுந்தோம். ஒரு மேட்டில் ஏறி அடுத்த பக்கம் இறங்கும்போது முன்கண்ணாடி முழுவதும் கடல் நின்றது. அப்படி ஒரு கடலை நான் கண்டதில்லை. வீட்டுக் கூரை உயரத்துக்கு எழும்பி, ஒரு கணம் யோசிப்பதுபோல் நின்று, பிறகு உடைந்து விழுந்தது. அந்தச் சத்தம் காருக்குள்ளேயே நெஞ்சில் இடித்தது.

அந்த விடுமுறையில் பலமுறை போனோம். ஒருமுறை மழைவெள்ளம் தரவைப் புல்வெளியை மூடிக்கிடந்தது. தண்ணீர் எஞ்சினுக்குள் அடிக்காமல் சின்னம்மா முன்பக்கம் ஒரு சாக்கைக் கட்டினார். அம்மா குடையைப் பிடித்தபடி, சேலையை முழங்காலுக்குமேல் தூக்கிக்கொண்டு, ஆழம் பார்த்து முன்னே நடந்தார். அவருக்குப் பின்னால் கார் மெல்ல மெல்ல, கோயில் யானைபோல வந்தது. இன்னொருமுறை இளகிய மணலில் சில்லு அச்சுவரை இறங்கிவிட்டது. கரையோரக் கொட்டில்களான வாடிகளில் இருந்த மீனவர்கள் வந்து கிடுகும் காவோலையும் போட்டுத் தள்ளிவிட்டார்கள். அதன்பிறகு அப்பா, பழைய கதவொன்றில் இருந்து கழற்றிய இரண்டு நீளப் பலகைகளைக் காரின் கூரையில் கட்டிக்கொண்டு வரத் தொடங்கினார். புதைந்தால் சில்லின் கீழே வைப்பதற்கு.

அந்தப் பலகைகளில் ஒன்றுதான் சின்னம்மாவின் கைக்குப் போனது. அங்கே மீனவப் பிள்ளைகள் உடைந்த கட்டுமரத் துண்டுகளில் குப்புறப் படுத்து அலையோடு கரைக்கு வருவார்கள். சின்னம்மா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அடுத்தமுறை போனபோது, வீட்டில் போடும் நீளச்சட்டையை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு பலகையோடு இறங்கினார். முதலில் அலை அவரைப் புரட்டி எறிந்தது. வாயெல்லாம் மணல். பிள்ளைகள் கெக்கட்டம் விட்டுச் சிரித்தார்கள். அவர் மறுபடி போனார். சில நாட்களில், அலை எழும்பும் சரியான கணத்தில் பலகையைத் தள்ளி ஏறி, நுரைக்கு முன்னால் அம்புபோல வந்து எங்கள் காலடியில் இறங்கப் பழகிவிட்டார். அப்பா மரியாதைக்காகக் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு காருக்குள் பேப்பர் படிப்பார். அம்மா சவுக்கமரத்தின் கீழே கட்டுச்சோற்றுப் பொதியோடு இருந்து, குமர்ப்பிள்ளை செய்யிற வேலையே இது என்று முணுமுணுப்பார். ஆனால் தடுக்கமாட்டார். தடுத்தால் அவள் மனம் உடைந்துவிடும் என்று அப்பா சொல்லியிருந்தார்.

திரும்பும்போது தார் தொடங்கும் இடத்தில் நிறுத்தி, காலால் மிதிக்கும் பம்பால் ரயருக்குக் காற்றடிப்போம். ஒரு நாள் நானும் சின்னம்மாவும் மாறி மாறி மிதித்துக்கொண்டிருந்தபோது, லண்டன் மாப்பிள்ளையை நினைத்து அழுகிறீர்களா என்று நான் கேட்டுவிட்டேன். அவர் மிதிப்பதை நிறுத்தினார்.

“அந்த மனிசன்ரை முகமே எனக்கு ஞாபகமில்லை பிள்ளை. படத்தை ஒருக்காத்தான் பாத்தனான். அக்காதான் அழுறா, எனக்காக எண்டு.”

பிறகு அலையில் ஏறும்போது வயிற்றுக்குள் ஏதோ கழன்று விழுவதுபோல இருக்கும் என்றும், நான் வளர்ந்ததும் எனக்கும் பழக்குவதாகவும் சொன்னார். அந்த நேரம் அது எனக்குப் பெரிய விஷயமாகப் படவில்லை. வீட்டில் எல்லாரும் ஒன்றை நினைத்துக்கொண்டிருக்க, அதற்கு முழு எதிர்மாறான ஒன்று என் காதில் விழுந்திருக்கிறது என்பது ஒரு சின்னப் பெட்டைக்கு எப்படித் தெரியும்?

விடுமுறை முடிய முன்பு கடைசியாகப் போன நாள் வானம் மப்பாக இருந்தது. இரவு பெய்த மழையில் மணல் இறுகி, தார்போலத் தெரிந்தது. அதை நம்பிச் சின்னம்மா காரை வழக்கத்தைவிடக் கரைக்குக் கிட்ட இறக்கினார். இறுக்கம் மேலோட்டமானது. நிறுத்தியதும் பின் சில்லு ஒன்று சத்தமில்லாமல் கீழே போனது. திரும்பும்போது பார்ப்பம் என்று ஒரு பலகையைச் சில்லின் கீழே செருகிவிட்டு, மற்றதை எடுத்துக்கொண்டு சின்னம்மா கடலுக்கு ஓடினார்.

அன்றைய அலைகள் பெரியவை. மீனவப் பிள்ளைகள் ஒருவரும் இறங்கவில்லை. நான் ஈரமணலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் உடையும் அலைகளைத் தாண்டி அப்பால் போய், பலகையில் நெஞ்சை வைத்து மிதந்தார். என்னைப் பார்த்து ஒரு கையைத் தூக்கினார். சிரித்தார். அந்தத் தூரத்திலும் பல் வெள்ளையாகத் தெரிந்தது. நானும் கையை ஆட்டினேன். அதன் பின்னால் ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று நாலு அலைகள் வந்தன. அவை உடைந்து நுரை அடங்கியபோது அந்த இடத்தில் ஒன்றும் இல்லை. வலப்பக்கம், மிகத் தள்ளி, ஒரு கறுப்புப் பொட்டுப்போல ஏதோ தெரிந்தது. அடுத்த அலை எழும்பியபோது அதுவும் மறைந்தது.

நான் தூக்கிய கையோடு நின்றேன். அம்மாதான் மரத்தடியிலிருந்து கத்தினார். அப்பா காரைத் திறந்து ஓடிவந்தார். அப்பா ஓடி நான் அதற்கு முன் பார்த்ததில்லை. சப்பாத்தோடு இடுப்பளவு தண்ணீருக்குள் போனார். அவருக்கு நீந்தத் தெரியாது. ஓர் அலை அவரைத் தூக்கிப் பின்னால் எறிந்தது. மூக்குக்கண்ணாடி போய்விட்டது. கண்ணாடியில்லாத முகத்தோடு மணலில் கிடந்து அவர் கடலைப் பார்த்த பார்வை, எங்கள் அப்பாவின் பார்வைபோலவே இருக்கவில்லை.

கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்த மீனவர்கள் ஓடிவந்தார்கள். இரண்டு பேர் கட்டுமரத்தைத் தள்ளினார்கள். கடல் அதைத் திருப்பிக் கரையில் போட்டது. மறுபடி தள்ளினார்கள். மறுபடி போட்டது. அவர்களில் வயதானவர் அம்மாவிடம் வந்து, நீரோட்டம் தெற்குப் பக்கம் இழுக்கிறது, பலகையை விடாமல் பிடித்திருந்தால் ரீச்சர் தெற்கே எங்கேயாவது ஏறியிருப்பா, ஆட்களை அனுப்புகிறேன் என்று ஆறுதலாகச் சொன்னார்.

அம்மா அவரை நிமிர்ந்து பார்த்தார்.

“அவள் கரையேற எண்டு போகேல்லை, ஐயா. எனக்குத் தெரியும். கலியாணம் குழம்பின நாளிலை இருந்து அவள் இதைத்தான் நினைச்சுக்கொண்டிருந்தவள்.”

அப்பா மறுத்துச் சொல்வார் என்று அவரைப் பார்த்தேன். அவர் மணலைப் பார்த்தபடி தலையை மேலும் கீழும் ஆட்டினார். சின்னம்மா சிரித்துக்கொண்டு போனார், என்னைப் பார்த்துக் கைகாட்டினார் என்று நான் சொன்னேன். அம்மா உடனே என்னை இழுத்து அணைத்துக்கொண்டு, பாத்தியளோ, பிள்ளைக்குப் பிரியாவிடை சொல்லிப்போட்டுப் போயிருக்கிறாள் என்று பெருங்குரலெடுத்து அழுதார். நான் இல்லை இல்லை என்று சொல்ல, என் வாய் அவருடைய தோளில் புதைந்து கிடந்தது. நான் சொன்ன ஒன்றே ஒன்றும் அவர்கள் கதைக்குச் சாட்சியாகிவிட்டது.

பொலிசுக்குச் சொல்ல வேண்டும், சொந்தக்காரருக்குச் சொல்ல வேண்டும் என்று அப்பா எழும்பினார். காரோ புதைந்து கிடந்தது. மற்றப் பலகை கடலில். மணலில் ஓட்டத் தெரிந்தவரும் கடலில். மீனவர்கள் காரைச் சுற்றி நின்று பின்பக்கத்தைக் கையால் தூக்கி வைத்தார்கள். கண்ணாடியில்லாத அப்பா எஞ்சினை முறுக்க, சில்லு மறுபடி இறங்கியது. மறுபடி தூக்கினார்கள். அப்பா பயந்து பிறேக்கை மிதித்தார். இப்படித் தடம் முடியும்வரை அவர்கள் எங்களோடு ஓடி ஓடித் தூக்கினார்கள். பின் கண்ணாடியால் நான் பார்த்தேன். தெற்கே தேடிப் போனவர்கள் இன்னும் திரும்பவில்லை. சின்னம்மாவின் செருப்பு அம்மாவின் மடியில் இருந்தது. அந்தக் கரையில் காத்திருக்க ஒருவரையும் விட்டுவைக்காமல் நாங்கள் எல்லாரும் போய்க்கொண்டிருந்தோம். இதை எழுதும்போதும் அந்தக் கண்ணாடிக்குள் கரை சின்னதாகிக்கொண்டு போவதைப் பார்க்கிறேன்.

விளக்கு வைக்கிற நேரத்துக்குள் வீட்டில் சனம் நிரம்பிவிட்டது. அடுத்த வளவில் இருந்த மாமி, அப்பாவின் தூரத்துச் சொந்தம், வந்த உடனேயே எல்லாவற்றையும் தன் கையில் எடுத்துக்கொண்டார். அடுப்பு மூட்டவேண்டாம் என்றார். வாசிகசாலையிலிருந்து, சனம் இருக்கக் கதிரைகள் வந்தன. பெண்கள் அம்மாவைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். பிள்ளையின்ரை முகத்திலை ஒரு வாட்டம் இருந்தது, நான் கண்டனான் என்றார் ஒருவர். கோயிலில் கண்டபோது தன்னோடு சரியாகக் கதைக்கவில்லை என்றார் இன்னொருவர். ஆளுக்கு ஒன்று கொண்டுவந்து வைத்தார்கள். எனக்குத் தெரிந்த சின்னம்மா அந்தச் சின்னம்மாவுக்குள் எங்கேயும் இருக்கவில்லை. ஒரு உறவுக்காரப் பெண், அழுகைக்கு நடுவில், அவளின்ரை தையல் மிசினை இனி ஆர் பாவிக்கப் போகினம் என்று மெதுவாகக் கேட்டார். அதைக் கேட்டபோதுதான் நான் முதல்முறையாகச் சத்தமாக அழுதேன்.

காலையில் முற்றத்தில் ஆண்கள், பிரேதம் எந்தக் கரையில் ஒதுங்கும் என்று கதைத்துக்கொண்டிருந்தார்கள். அயலிலிருந்து கேத்திலில் கோப்பி வந்திருந்தது. நான் வாசற்படலைக்குப் பக்கத்தில் நின்றேன். சந்தியில் பஸ் நின்று போன சத்தம் கேட்டது. சற்று நேரத்தில், வீட்டுக்கு வரும் ஒழுங்கைக்குள் ஒரு பெண் நடந்து வந்தார். கட்டையான, சிவப்புப் பூப்போட்ட சேலை. உப்பில் சடைபிடித்த தலைமயிர். செருப்பில்லாத காலில் துணிக்கட்டு. தோளில் ஒரு நீளப் பலகை.

படலையைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தவர் கதிரைகளைப் பார்த்தார். சனத்தைப் பார்த்தார். அவருடைய முகம் பயத்தில் வெளிறியது.

“ஆர் செத்தது?” என்று கேட்டார்.

கதிரைகளில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழும்பினார்கள். ஒருவருடைய கையிலிருந்த கோப்பை விழுந்தது.

“அத்தானுக்கு ஏதுமோ? பிள்ளையளுக்கோ?” அவர் கூட்டத்துக்குள் தேடினார்.

அப்போதுதான் அவர் என்னைக் கண்டார். என்னைத் தொட்டுப் பார்த்தார். தம்பியைத் தேடினார். அப்பா வாசலில் வந்து நின்றதும் கண்டார். ஒவ்வொருவராக எண்ணி, ஒருவரும் குறையவில்லை என்று கண்டபின், யாருடைய செத்தவீடு அது என்று அவருக்கு விளங்கியது. பலகையைத் தோளிலிருந்து இறக்கி மாமரத்தில் சாத்தினார். அதை அவ்வளவு கவனமாகச் சாத்தியது எனக்கு நன்றாக ஞாபகம்.

அம்மா உள்ளேயிருந்து வந்தார். வந்த வேகத்தில் சின்னம்மாவின் கன்னத்தில் அறைந்தார். பிறகு அதே கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டார்.

சின்னம்மா எல்லாவற்றையும் சொன்னார். நீரோட்டம் இழுத்தது, பலகையை விடாமல் பிடித்துக்கொண்டது, கரையும் காரும் கண்ணுக்கு மறைந்தபோதுதான் பயம் வந்தது, வெகுதூரத்தில் ஓரிடத்தில் அலை கொண்டுவந்து போட்டது, ஒரு மீனவக் குடும்பம் குடிலுக்குள் கூட்டிப்போய்க் கஞ்சி கொடுத்துச் சேலை மாற்றிவிட்டது, தேடி வந்த ஆட்கள் அதற்குள் அவ்விடத்தைத் தாண்டிப் போய்விட்டார்கள். காலில் சிப்பி வெட்டிய காயத்தோடு கரையோரமாக நடந்து பழைய இடத்துக்கு வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது, இரவு வாடியில் தங்கி, அவர்கள் தந்த காசில் விடிய முதல் பஸ்ஸில் ஏறியது.

“வந்து பாத்தா கார் இல்லை அக்கா. சில்லுத் தடம்தான் கிடந்தது. வாடியிலை இருந்தவை, நீங்கள் எல்லாரும் போட்டியள் எண்டிச்சினம். நான் நம்பேல்லை. கொஞ்ச நேரம் அந்தத் தடத்திலையே இருந்தனான், திரும்பி வருவியள் எண்டு.”

இதைக் கேட்டு யாராவது வெட்கப்பட்டிருக்க வேண்டும். மாமி முன்னால் வந்து சின்னம்மாவின் தலையைத் தடவினார்.

“கடலே உன்னை வேண்டாமெண்டு அனுப்பிப்போட்டுது, பிள்ளை. இனியெண்டாலும் உந்த எண்ணத்தை விடு.”

“எந்த எண்ணத்தை?”

மாமி சுற்றியிருந்த பெண்களைப் பார்த்தார். அவர்கள் கண்ணைத் துடைத்தார்கள். சின்னம்மா ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். தான் சாகப் போகவில்லை, அலையில் ஏறத்தான் போனதென்று சொன்னார். பலகையைக் காட்டினார். அலை எப்படி எழும்பும், எந்த நேரத்தில் தள்ள வேண்டும் என்று கையால் காட்டி விளக்கினார். அவர் விளக்க விளக்க, கேட்டுக்கொண்டிருந்தவர்களின் முகத்தில் இரக்கம்தான் கூடியது. பாவம், வெட்கத்தில் மறைக்கிறாள் என்று எனக்குப் பின்னால் யாரோ சொன்னார்கள். சின்னம்மாவுக்கும் அது கேட்டிருக்கும். நடுவிலேயே நிறுத்திவிட்டு, குளிக்கப் போனார்.

கிணற்றடியில் கயிறு இல்லை. அம்மா கழற்றி ஒளித்து வைத்திருந்தார்.

அதன்பிறகு வீட்டில் நடந்தவை எல்லாம் அன்பால் நடந்தவை. இன்று நினைத்தால் அதுதான் எனக்குப் பேரதிர்ச்சி. வெங்காயத்துக்கு அடிக்கும் மருந்து அடுத்த வீட்டுக்குப் போனது. மண்ணெண்ணெய்ப் போத்தல் பூட்டுக்குள் போனது. அம்மா, சின்னம்மாவின் சேலைத்தலைப்பைத் தன் கையில் சுற்றிக்கொண்டு பக்கத்தில் படுத்தார். கார்த் திறப்பு சாவிக்கொத்தோடு அப்பாவின் இடுப்பில் தொங்கியது. வருகிறவர்களிடம் எல்லாம் அம்மா கண்ணீரோடு அந்தக் கதையைச் சொன்னார். கேட்டவர்கள் தங்கள் ஊருக்குக் கொண்டுபோனார்கள். அளவெட்டியிலிருந்து ஒரு நல்ல சம்பந்தம் வந்து, படலைவரை வந்த கால் அந்தக் கதை காதில் விழுந்து திரும்பிப் போனது. சின்னம்மா மறுத்துச் சொல்வதை நிறுத்திவிட்டார். மறுக்கும் ஒவ்வொரு முறையும் அம்மா இன்னும் பயந்து போவதை அவர் கண்டிருக்க வேண்டும்.

அடுத்த வருடம், ஒருவரும் போக விரும்பாத அந்தக் கிழக்குக் கரையோரப் பள்ளிக்கூடத்துக்குச் சின்னம்மா தானாகவே இடமாற்றம் கேட்டார். உடனே கிடைத்தது. சனத்தின் முகத்தில் விழிக்க வெட்கப்பட்டு ஒளிந்துகொள்ளப் போகிறாள் என்றார்கள். அம்மா கடலுக்குக் கிட்ட விடமாட்டேன் என்று நாட்கணக்கில் சாப்பிடாமல் கிடந்தார். சின்னம்மா பெட்டியைக் கட்டிக்கொண்டு படலையில் நின்றார். அப்பாதான் கடைசியில் காரை எடுத்தார். தார் முடிந்த இடத்தில் அவரே இறங்கி, ஒன்றும் பேசாமல், நாலு ரயருக்கும் காற்றைத் திறந்துவிட்டார்.

அம்மா அங்கே போக நெடுநாள் மறுத்தார். பிறகு ஒரு தைப்பொங்கல் லீவில், பொங்கலும் இதரை வாழைப்பழமும் கட்டிக்கொண்டு எல்லாருமாகப் போனோம். சின்னம்மா கறுத்து, கொஞ்சம் தடித்திருந்தார். பள்ளிப் பிள்ளைகள் அவரைச் சுற்றியே நின்றார்கள். சாப்பிட்ட பிறகு கரையில் இருந்தபோது அம்மா, அதுவரை வாய்விட்டுக் கேட்காத ஒன்றைக் கேட்டார்.

“உண்மையைச் சொல்லு. அண்டைக்கு நீ ஏன் போனனீ?”

சின்னம்மா எழும்பி நின்றார். “சொன்னா நீ நம்பமாட்டாய், அக்கா. எழும்பி வா” என்று அம்மாவின் கையைப் பிடித்தார்.

அம்மா சேலையோடு இறங்கினார். முழங்கால், இடுப்பு என்று தண்ணீர் ஏறியது. அம்மா சின்னம்மாவின் தோளை இறுகப் பிடித்திருந்தார். ஓர் அலை எழும்பி வந்தது. சின்னம்மா ஏதோ சொன்னார். இரண்டு பேரும் சேர்ந்து குதித்தார்கள். அலை அவர்களைத் தூக்கி, ஒரு கணம் மேலே வைத்திருந்து, மெதுவாக இறக்கியது. அம்மாவின் வாய் திறந்தபடி இருந்தது. அடுத்த அலைக்கு, சின்னம்மா சொல்ல முன்பே அம்மா குதித்தார். அதற்கடுத்ததற்குத் தோளிலிருந்து ஒரு கையை எடுத்துவிட்டார். பொழுது பட்டுவிடும் என்று அப்பா கூப்பிட்டும் அவர் ஏறவில்லை. மூன்றாம்முறை கூப்பிட்ட பிறகுதான் வந்தார்.

திரும்பும் வழியில் அம்மா ஈரச்சேலையோடு, ஆசனத்தில் விரித்த சாக்கில் இருந்தார். பருத்தித்துறை போனது, நெல்லியடி போனது. வல்லை வெளியில் காற்று காரை ஒரு பக்கம் தள்ளிக்கொண்டிருந்தது. அப்போதுதான் வாய் திறந்தார்.

“அவள் அண்டைக்குச் சாகப் போகேல்லை.”

அப்பா தெருவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அம்மா அதை இன்னொருமுறை சொன்னார், இந்தமுறை இன்னும் மெதுவாக. அப்பா கியரை மாற்றினார். பிறகு கேட்டார்.

“அதை இனி ஆருக்குப் போய்ச் சொல்லுறது?”

அம்மா தன் ஈரச் சேலைத்தலைப்பைக் கையில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார், புத்தூர் வரும்வரை.